இரண்டுங்கெட்டான்

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படம் வந்தது. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு. அதன் வாயிலிருந்து இன்னொரு பாம்பின் வால் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தொங்குகிறது. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, கார்ன் ஸ்நேக் கார்ன் ஸ்நேக்கைத் தின்னுமா?"

"பெரும்பாலும் தின்னாது" என்று அடிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். படத்தைப் பெரிதாக்கினேன். கார்ன் ஸ்நேக் வீட்டில் வளர்க்கிற, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு. அதற்குத் தலைமேல் ஈட்டிமுனை மாதிரி ஒரு குறி இருக்கும். இதற்கு ஈட்டி இல்லை, கவிழ்த்துப் போட்ட லாடம் இருந்தது. அந்த லாடம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அறையில் மூன்றாவது தட்டில் ஒரு பெட்டிக்குள் அதே குறியோடு ஒருவன் படுத்திருக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் படத்தில் இருப்பவளுக்கு அவன் தாய்மாமன்.

"அது கார்ன் இல்லை தம்பி. மீதி நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். நாளை நாளை என்று இன்றுவரை இழுத்துவிட்டது. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நூலகத்தில் வேலை. புத்தகத்துக்கு எண் போட்டு, அட்டவணையில் ஏற்றி, அதற்குரிய தட்டில் வைப்பது. தட்டு மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டிலும் அதே புத்திதான். பாம்புப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை: பிறந்த நாள், எடை, கடைசியாகச் சட்டை உரித்தது, கடைசியாக இரை எடுத்தது, அப்பா, அம்மா. இப்படிப்பட்டவள் கையிலிருந்துதான் அட்டை இல்லாத ஒரு வம்சம் கிளம்பிப் போயிருக்கிறது. அதை நினைத்துத்தான் இரண்டு வாரம் எரிச்சலோடு திரிந்தேன்.

ஆரம்பம் ஒரு படம்தான். 'ஜங்கிள் கார்ன்' என்று சொல்வார்கள்: கார்ன் ஸ்நேக்கும் கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்கும் சேர்ந்து பிறந்தது. ஒன்று பான்தெரோஃபிஸ் பேரினம், மற்றது லாம்ப்ரோபெல்டிஸ் பேரினம். இனம் விட்டு இனம் மட்டுமில்லை, பேரினமே வேறு. படத்தில் இருந்த பாம்பின் முதுகில் சிவப்பும் கறுப்பும் கோணல்மாணலாகப் பின்னிக் கிடந்தன, நெசவுக்காரர் தறியில் பாதித் தூக்கத்தில் விட்ட மாதிரி. எனக்கு அந்தக் கோணல் பிடித்துப்போயிற்று. வேறு பெரிய காரணம் எதுவும் சொல்ல மாட்டேன். அறிவியல் ஆர்வம் என்றெல்லாம் பிற்பாடு நானே கட்டிக்கொண்டதுதான்.

(கிங் ஸ்நேக் என்றதும் ராஜநாகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கிங் ஸ்நேக்குக்கு நம்மைக் கொல்லும் விஷம் கிடையாது. இரண்டுக்கும் பொதுவான ஒரே விஷயம், இரண்டுமே மற்ற பாம்பைத் தின்னும்.)

அம்மாவிடம் சொன்னபோது அவள் அசரவேயில்லை. "இதுல என்னடி அதிசயம்? சாரையும் நல்லபாம்பும் சேரும்னு ஊர் உலகமே சொல்லுதே" என்றாள். சாரையெல்லாம் ஆண், நாகமெல்லாம் பெண் என்று சின்ன வயதில் நானும் நம்பியவள்தான். இரண்டு பாம்பு எழும்பி எழும்பிப் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கிளம்பிய கதை அது. அப்படி நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக மல்யுத்தம் பிடிக்கின்றன. நிஜமாகப் பிணையும்போது இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பங்கள். நாகம் மற்ற பாம்புகளையும் தின்னும் என்பதால், சாரை அதற்கு மாப்பிள்ளை இல்லை, சாப்பாடு. இதைச் சொன்னதும் அம்மா, "உன் கார்னுக்கு மட்டும் அந்தக் கிங் மாப்பிள்ளையா?" என்று கேட்டாள். அன்றைக்கு அதைச் சிரித்துத் தட்டிவிட்டேன்.

அப்படியானால் எதுதான் எதோடு சேரும்? கோவேறு கழுதையை எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, பிறப்பதற்கு 63. ஒற்றைப்படையாகிவிடுவதால் ஜோடி சேர்க்க முடியாமல் வம்சம் அங்கேயே நின்றுவிடுகிறது. கார்னுக்கும் கிங்குக்கும் அந்தத் தடை இல்லை, இரண்டுக்கும் 36. ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போவா என்ற வேறு குடும்பத்துப் பாம்புக்கும் 36தான், அதற்காகப் போவாவும் கார்னும் சேர்ந்துவிடாது. உறவு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் விஷயம். கார்ன், கிங், மில்க் ஸ்நேக், கோஃபர் ஸ்நேக், புல் ஸ்நேக் எல்லாமே வட அமெரிக்காவில் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. இந்தக் கூட்டத்துக்குள் பேரினம் தாண்டிக் கலந்தாலும் பெரும்பாலும் முட்டை பொரிகிறது. பொரிந்தவை மறுபடி முட்டையும் இடுகின்றன. கோவேறு கழுதை மாதிரி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அப்போது நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

மலைப்பாம்பு வளர்ப்பவர்களின் விளையாட்டு இதைவிடப் பெரிசு. பச்சை மர மலைப்பாம்பையும் கார்ப்பெட் மலைப்பாம்பையும் சேர்த்து 'கார்பாண்ட்ரோ'. பர்மிய மலைப்பாம்பையும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பையும் சேர்த்து 'பேட் ஈட்டர்'. பர்மியனும் ரெட்டிகுலேட்டட்டும் உலகத்தின் மிகப் பெரிய பாம்புகளில் சேர்ந்தவை. அதைக் கலந்து வளர்த்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. பால் (ball) பைத்தான் என்ற சின்ன மலைப்பாம்பைப் பர்மியனோடும் சேர்த்திருக்கிறார்கள். மடியில் சுருண்டு படுக்கிற ஒன்றுக்கும் ஆளை விழுங்கும் அளவுக்கு வளர்கிற ஒன்றுக்கும் கல்யாணம். சரி, நம் கதைக்கு வருவோம்.

என்னிடம் இருந்த பெண் கார்னின் பெயர் செவ்வந்தி. நிறத்தில் சாதாரணமானவள், ஆனால் 'அமெல்' மரபணு ஒன்றைச் சுமப்பவள். அமெல் என்றால் உடம்பில் கறுப்பு நிறமியே உருவாகாத வகை. வெள்ளையும் சிவப்புமாக, சிவந்த கண்ணோடு இருக்கும். செவ்வந்தியை அதற்கு முந்தைய ஆண்டு குங்குமம் என்ற அமெல் ஆணோடு சேர்த்திருந்தேன். அவனை அப்புறம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கிங் வகையில் சதுரங்கம் என்று ஓர் ஆண். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருப்பான், வயிறு எப்போதும் காலி.

முதல் முறை சேர்த்து வைத்தபோது எல்லாம் சுலபமாக நடந்த மாதிரித்தான் இருந்தது. பதினான்கு முட்டை. பன்னிரண்டு பொரிந்தன. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு, ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அழகான குட்டிகள்தான். தலையில் ஈட்டிமுனை, வயிற்றில் கட்டம், எல்லாம் அச்சு அசல் கார்ன். போதாததற்கு ஐந்து குட்டிக்குச் சிவந்த கண்.

உட்கார்ந்து யோசித்தேன். அமெல் குட்டி பிறக்க வேண்டுமென்றால் அந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வந்தாக வேண்டும். சதுரங்கம் கறுப்பன். அவனும் ரகசியமாக ஒரு வெளிறல் மரபணுவைச் சுமக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அது கார்னின் அதே மரபணுவாக இருக்க வேண்டுமே. போவாவில் 'கால்' (Kahl), 'ஷார்ப்' (Sharp) என்று இரண்டு அல்பினோ வரிசைகள் உண்டு. இரண்டையும் சேர்த்தால் குட்டி எல்லாம் சாதாரண நிறத்தில்தான் பிறக்கும், ஏனென்றால் பழுது ஒன்றல்ல. ஒரே இனத்துக்குள்ளேயே இந்தக் கதி. ஆக ஐந்து சிவந்த கண்களுக்கு ஒரே விளக்கம்தான் மிச்சம். அப்பா சதுரங்கம் இல்லை. வீட்டை விட்டுப் போய் ஓராண்டான குங்குமம்.

பெண் பாம்புகள் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு டயமண்ட்பேக் ராட்டில்ஸ்னேக் ஆணையே பார்க்காமல் ஐந்து ஆண்டு தனியாக இருந்துவிட்டுக் குட்டி போட்டதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. குட்டிகளின் மரபணுவில் அப்பன் இருந்தான். ஆணே இல்லாமல் தாய் தனியாகப் பெறுவதும் பாம்புகளில் உண்டுதான், ஆனால் கார்ன் வகையில் அப்படிப் பிறப்பவை ஆண்களாகவே இருக்கும். என் பன்னிரண்டில் பெண்களும் இருந்தன. இதையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகு, "முதல் முயற்சியிலேயே ஹைப்ரிட் (கலப்பினம்) எடுத்தேன்" என்று யாராவது மார்தட்டினால், அதற்கு முந்தைய வருடக் கணக்கைத்தான் முதலில் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு செவ்வந்தியை யாரோடும் சேர்க்கவில்லை. எட்டு முட்டை இட்டாள். எட்டும் கூமுட்டை. மஞ்சளடித்து, அமுங்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நரம்புகூட ஓடாத முட்டைகள். கூமுட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சேமிப்பு தீர்ந்தது என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் ஆண்டு நடந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாம்புக்குப் பெண்ணை அடையாளம் காட்டுவது கண் இல்லை, நாக்கு. நாக்கை நீட்டி வாசனைத் துகள்களை எடுத்து, மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும். பெண்ணின் தோலில் இருக்கிற கொழுப்புப் பொருள்களே அதற்குச் சேதி. கார்ட்டர் ஸ்நேக்கில் அந்தச் சேதி மீத்தைல் கீட்டோன் வகை வேதிப்பொருள்கள் என்று 1989-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இனத்துக்கு இனம் இந்த வாசனை மாறும். அதனால் ஆணை ஏமாற்றத்தான் வேண்டும். பழைய தந்திரம்தான்: அவன் இனத்துப் பெண்ணின் புதுச் சட்டையை ஈரப்படுத்தி, மற்றவளின் உடம்பில் தேய்ப்பது. ஒரு நண்பர் வீட்டுப் பெண் கிங் அன்று காலை உரித்த சட்டையை வாங்கி வந்து, செவ்வந்தியைத் தலை முதல் வால் வரை துடைத்துவிட்டேன். சதுரங்கத்துக்கு இரண்டு நாள் முன்பே வயிறு நிறைய எலி கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை பசியோடு வரக் கூடாது.

உள்ளே விட்டதும் அவன் நாக்கு படபடத்தது. முதுகோடு முதுகாக ஊர்ந்து, துடித்துத் துடித்து மேலே ஏறினான். அதுவரை சரி. திடீரென்று அவள் கழுத்தைக் கவ்விவிட்டான். பாம்புக் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் விறைத்துப்போய் நின்றேன். கிங் ஆண்கள் பிணையும்போது பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடிப்பது வழக்கம். இரையைத் தின்ன ஆரம்பிக்கும்போதும் அதே வாய், அதே கழுத்துதான். கார்ன் ஆண்கள் இப்படிச் செய்வதில்லை என்பதால் செவ்வந்திக்கும் இது புதிது. வாலைப் படபடவென்று அடித்தாள். அவன் உடம்பைச் சுற்றிப் போட்டால் இரை, வாலை வாலோடு பின்னினால் கல்யாணம் என்று மனசுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டு காத்திருந்தேன். நாற்பது விநாடி இருக்கும். வால் பின்னியது. எனக்கு உள்ளங்கை முழுக்க வேர்வை. அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் சிரிப்பாக இல்லாமல் போனது.

இந்த நிமிஷத்தைச் சொல்லாமல் குட்டிகளின் படத்தை மட்டும் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏமாற்றிச் சேர்ப்பது என்றால் ஏமாறுகிறவன் எந்த நேரத்திலும் தெளியலாம். தெளிந்தால் போவது அவள் உயிர்.

ஒன்பது நல்ல முட்டை. ஈரமான வெர்மிகுலைட்டில் 28 டிகிரியில் வைத்தேன். அறுபத்திமூன்றாம் நாள் முதல் முட்டை கீறியது. ஒன்பதில் இரண்டு கடைசி வாரத்தில் உள்ளேயே போய்விட்டன. ஏழு வெளியே வந்தன. இந்த முறை சந்தேகமே இல்லை. கார்னின் சிவப்பு மங்கிக் காவியாகி, கிங்கின் பட்டைகள் முதுகில் ஏற முயன்று பாதியில் உடைந்திருந்தன. செதில்களில் கிங்குக்குரிய பளபளப்பு. ஏழு குட்டிக்கும் ஏழு கோலம்.

குணத்தில் அப்பன்தான் அதிகம். சாதாரணக் கார்ன் குட்டி முதல் எலிக்குஞ்சை எடுக்க வாரக்கணக்கில் பிகு பண்ணுவதும் உண்டு. இவை டப்பாவின் மூடி திறக்கும் சத்தத்துக்கே வாயைத் திறந்தன. என் விரல், இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், எல்லாமே இரை. சுற்றி இறுக்குவதிலும் அப்பன் ஜாடை. கார்ன் சேர்ந்த எலிப்பாம்பு வகைகளைவிடக் கிங் ஸ்நேக் அதிக அழுத்தம் கொடுத்து இறுக்கும் என்று 2017-இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தசையின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லையாம், சுற்றும் விதம்தான் வேறு. கிங் ஸ்பிரிங் மாதிரி ஒழுங்காகச் சுற்றும். என் ஏழும் ஸ்பிரிங்தான் சுற்றின. பிறந்த அன்றைக்கே தனித்தனி டப்பாவில் போட்டேன்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். தலையில் லாடக் குறி போட்டவன். கார்னும் இல்லை, கிங்கும் இல்லை என்பதால் இரண்டுங்கெட்டான் என்று பெயர். கூப்பிடுவது கெட்டான். மீதி ஆறையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றோடும் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: இது கலப்பு, அப்பா இன்னார், அம்மா இன்னார், இன்னொரு பாம்போடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், கார்ன் என்று சொல்லி யாருக்கும் தராதீர்கள். நூலகக்காரி இல்லையா, காகிதத்தின்மேல் எனக்கு அபார நம்பிக்கை.

கலப்பினத்தில் பலவீனமாக வாய்ப்புள்ளது எந்தப் பால் என்பதற்கு ஹால்டேன் 1922-இல் சொன்ன ஒரு விதி உண்டு. எந்தப் பாலுக்கு இரண்டு பால் குரோமோசோமும் வேறு வேறாக இருக்கிறதோ, அடி முதலில் அதற்குத்தான். நமக்கு ஆண். கார்ன், கிங் வகைகளில் பெண். அதனால் பெண் குட்டிகள் மலடாகப் போகலாம் என்று நானாக ஊகித்து நிம்மதியாக இருந்தேன். போகவில்லை.

அந்த இரவு படம் வந்த பிறகு மூன்று நாள் பின்னோக்கி விசாரித்தேன். ஆறில் நான்காவது குட்டி, பெண், ஒரு பழைய தோழியிடம் போனது. அவள் வீடு மாறும்போது பாம்பைப் பெட்டியோடு இன்னொருவருக்குக் கொடுத்தாள். என் அரைப்பக்கம் அவள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. வாங்கியவருக்கு அது 'கொஞ்சம் வித்தியாசமான கார்ன்'. அவர் அதை ஓர் அமெல் கார்னோடு சேர்த்தார். குட்டிகளுக்கு முக்கால் ரத்தம் கார்ன். நிறம் திரும்பி வந்துவிட்டது, வயிற்றில் கட்டம் வந்துவிட்டது, பார்வைக்கு யாரும் ஏமாறுவார்கள். 'அபூர்வ கோலம்' என்ற பெயரோடு கைமாறின. அதில் ஒன்று இந்தத் தம்பியிடம். கார்ன்தானே என்று இன்னொரு கார்னோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறான். சுத்தக் கார்ன்களையே சேர்த்து வைக்கக் கூடாது என்பது என் கட்சி, ஆனாலும் பலர் வைக்கிறார்கள், பல நேரம் ஒன்றும் ஆவதில்லை. இவனுக்கு ஆகிவிட்டது. பெட்டியில் இருந்த முழுக் கார்னுக்கும் முக்கால் கார்னுக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது, பசிக்குத்தான் தெரியும்.

தன் நீளத்துக்கே உள்ள ஒரு பாம்பை அது எப்படி உள்ளே அடக்கியது என்று அவனுக்கு ஆச்சரியம். கிங் ஸ்நேக் விழுங்கும்போது இரையின் முதுகெலும்பு அலையலையாக மடிந்து, துருத்தி மாதிரிச் சுருங்கி வயிற்றுக்குள் அடங்கும். தன்னைவிட நீளமானதையே விழுங்கிவிடும். பாட்டன் சொத்து.

ஆறில் இரண்டு எங்கே என்று இப்போது தெரியும். நான்கு தெரியாது.

இதைப் படித்துவிட்டு "இயற்கைக்கு விரோதம், அப்போதே சொன்னோம்" என்று வரப்போகும் சுத்த ரத்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்கை அவ்வளவு மடி ஆசாரம் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் புல் ஸ்நேக்கும் ஃபாக்ஸ் ஸ்நேக்கும் யாரும் சட்டை தேய்த்துவிடாமலே காட்டில் சேர்ந்து பெற்ற குட்டிகளைப் பற்றி 2012-இல் கட்டுரை வந்தது. அவையும் வேறு வேறு பேரினம். ஃபுளோரிடாவில் மனிதன் கொண்டுபோய் விட்ட பர்மிய மலைப்பாம்புகளில் 400-ஐ ஆராய்ந்தபோது 13-இல் இந்திய மலைப்பாம்பின் அடையாளம் இருந்தது, 2018-இல் வெளிவந்த செய்தி. அவை ஃபுளோரிடாவுக்கு வருவதற்கு முன்பே எங்கோ கலந்திருக்கலாம்.

இன்னொன்று. எது தனி இனம் என்பதே நம் அட்டவணையில் நிலையாக இல்லை. நான் புத்தகம் அடுக்குபவள், இந்தத் தலைவலி எனக்குத் தெரியும். கலிஃபோர்னியா கிங் 2009-க்கு முன் தனி இனம் இல்லை, ஒரு துணையினம். பெரும்சமவெளி எலிப்பாம்பு ஒருகாலத்தில் கார்னின் துணையினமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்த 'கிரீம்சிகிள்' அப்போது ஒரே வீட்டுக்குள் நடந்த கல்யாணம். புத்தகத்தில் பெயர் மாறியதும் அதே பாம்பு ஹைப்ரிட் ஆகிவிட்டது. படுத்த இடத்தைவிட்டு அசையாமலேயே. இன்றைக்குச் 'சுத்தக் கார்ன்' என்று விற்கிற பல வரிசைகளில் அந்த ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது.

அதனால் கலப்பு பாவம் என்று நான் சொல்லப்போவதில்லை. கெட்டானுக்கு ஆறு வயதாகிறது, எந்தக் குறையும் இல்லை, வாரம் தவறாமல் இரை எடுக்கிறான், என் வீட்டிலேயே திடமானவன் அவன்தான். மறுபடி செய்வாயா என்றால், மாட்டேன். சதுரங்கம் கழுத்தைக் கவ்விய அந்த நாற்பது விநாடி ஒரு காரணம். இழுப்பறையில் தங்கிப்போன அரைப்பக்கம் இன்னொன்று. விஷப் பாம்புகளில் இந்த விளையாட்டு விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கபூன் விரியனையும் காண்டாமிருக விரியனையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். எந்த விஷம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாத ஒன்று கடித்து, அதற்கும் அட்டை இல்லையென்றால், எந்த மாற்று மருந்து கேட்பது என்று மருத்துவரிடம் யார் சொல்வது? அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

தம்பியோடு நேற்றுப் பேசினேன். செத்துப்போனது அவன் தங்கை பெயர் வைத்து வளர்த்தது. அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, நீங்க எழுதித்தானே கொடுத்தீங்க" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அப்புறம், இவளை எந்த ஆணோடும் சேர்க்கப்போவதில்லை என்றும், பெட்டி மேல் என்ன எழுதுவது என்று சொல்லுங்கள் என்றும் கேட்டான். சொன்னேன். அப்பா அமெல் கார்ன். அம்மா ஜங்கிள் கார்ன். அம்மாவின் அம்மா செவ்வந்தி, கார்ன். அம்மாவின் அப்பா சதுரங்கம், கலிஃபோர்னியா கிங். தனியாக வைக்கவும். காகிதத்தில் வேண்டாம், பெட்டியிலேயே அழியாத மையில் எழுது என்றேன்.

இன்று காலை படம் அனுப்பியிருந்தான். பெட்டியின் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு மையில் குண்டு குண்டான எழுத்து. இடம் போதாமல் சதுரங்கம் மூடி மேல் ஏறியிருந்தான். எழுத்துகளுக்கு இடையில் தெரிகிற கொஞ்சம் பிளாஸ்டிக் வழியே உள்ளே பார்த்தேன். அவள் இரை கேட்டு மூக்கை மூடியில் முட்டிக்கொண்டிருந்தாள்.